எஸ்ஜிபிடி 54: குழந்தையின் கல்லீரல் கொழுப்பை ரத்தம் எப்படிக் காட்டுகிறது?

பதினோரு வயதுப் பையன் ஒருவனின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கற்பனை செய்துகொள்வோம். உயரத்துக்கு மிஞ்சிய எடை. மற்றபடி ஓடியாடித் திரிகிற பிள்ளை. கல்லீரல் பரிசோதனைப் பகுதியில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் வரிக்கு நேராக 54 என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் இயல்பான அளவு 55 வரை என்று போட்டிருக்கிறது. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. எல்லாம் நார்மல் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அச்சடித்த தாளே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த 55 பெரியவர்களை வைத்துப் போட்ட எல்லை. இந்தப் பையனுக்குரிய எல்லை 26. அவனுடைய அளவு அதன் இரு மடங்கையும் தாண்டிவிட்டது.

உடல் பருமன் உள்ள குழந்தைகளின் கல்லீரல் கொழுப்பு நோயைப் பற்றிப் பேசுவதென்றால் இந்த ஒரு கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ரத்தத்தில் எதை அளக்கிறார்கள், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாது என்று தெரிந்துவிட்டால், அறிக்கையைப் பார்த்து வீணாகப் பதறவும் மாட்டோம், வீணாக நிம்மதி அடையவும் மாட்டோம்.

வலிக்காமல் வளரும் நோய்

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தேங்கியிருந்தால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். 'ஃபேட்டி லிவர்' என்று சொன்னால் நம் ஊரில் எல்லாருக்கும் புரியும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால் அந்த எண்ணெய் நேராகப் போய்க் கல்லீரலில் படிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அப்படியல்ல. எடை கூடக்கூட உடலின் திசுக்கள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போகின்றன; இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். சேமித்த கொழுப்பை வெளியே விடாதே என்று கொழுப்புத் திசுவுக்குக் கட்டளையிடுவது இன்சுலின்தான். அந்தக் கட்டளை பலிக்காதபோது கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கு வந்து சேர்கின்றன. இன்னொரு பக்கம், தேவைக்கு மேல் உள்ளே போகும் சர்க்கரையைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றுகிறது. குளிர்பானங்களிலும் பாக்கெட் ஜூஸ்களிலும் இருக்கும் ஃபிரக்டோஸ் இந்த வேலையை மிக எளிதாகத் தூண்டிவிடும். எண்ணெயே தொடாத பிள்ளைக்கும் இந்த நோய் வருவது இதனால்தான்.

கொழுப்பு சேர்வதோடு நின்றுவிட்டால் பெரிய ஆபத்தில்லை. சிலருக்கு அது செல்களைப் புண்படுத்தி அழற்சியாகிறது. அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு பரவினால் சிரோசிஸ். மது குடிக்காதவர்களுக்கும் இப்படி ஒரு கல்லீரல் அழற்சி வருகிறது என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் குழு 1980இல் பெயரிட்டு எழுதியது. மூன்றே ஆண்டுகளில், 1983இல், பருமனான குழந்தைகளிடமும் அதே மாற்றங்களைப் பார்த்ததாக அறிக்கை வந்துவிட்டது. 2023இல் நோயின் பெயரையே மாற்றினார்கள். 'மது சாராத' என்ற அடைமொழியை எடுத்துவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்ந்த கல்லீரல் கொழுப்பு நோய் என்று இப்போது சொல்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தையின் நோய்க்குப் பெயர் வைக்கும்போது மதுவை ஏன் இழுக்க வேண்டும்? நல்ல மாற்றம்.

எவ்வளவு பரவலான நோய் இது? கலிஃபோர்னியாவின் சான் டியேகோ மாவட்டத்தில் 1993 முதல் 2003 வரை இறந்துபோன, 2 முதல் 19 வயதுக்குட்பட்ட 742 பேரின் உடற்கூறாய்வுகளை ஜெஃப்ரி ஷ்விம்மர் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 2 முதல் 4 வயதில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே கல்லீரலில் கொழுப்பு இருந்தது. 15 முதல் 19 வயதில் அது 17.3 சதவீதம். பருமனான பிள்ளைகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது 38 சதவீதம். ஒன்று கவனியுங்கள்: இவை அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருந்தபோது ரத்தத்தை வைத்துச் செய்த கணிப்பு அல்ல, கல்லீரலையே நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது.

பிள்ளைகளிடம் வெளியில் தெரியும் அடையாளம் அநேகமாக எதுவும் இருக்காது. எப்போதாவது வலது விலாவுக்குக் கீழே ஒரு மந்தமான வலி, கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தால் அது கவனிக்க வேண்டிய அடையாளம். பல வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்க்கிறார்கள். பிள்ளை அழுகிறது, கறுப்பு போவதில்லை. அது அழுக்கல்ல. இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதன் விளைவு. தயவுசெய்து தேய்க்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊசி, ஸ்கேன், ரத்தம்

கல்லீரலில் அழற்சியும் தழும்பும் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்வது பயாப்ஸி. விலாவுக்கிடையே ஊசி செலுத்திச் சிறு துண்டை எடுக்க வேண்டும். பருமனான எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்வது நடக்காத காரியம், செய்யவும் கூடாது. கொழுப்பை மட்டும் அளப்பதற்கு எம்ஆர்ஐ மிகத் துல்லியமானது. ஆனால் செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எளிதாகக் கிடைக்கும். ஆனால் கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் அதன் கண்ணில் படாமல் போய்விடும். தழும்பை அது தொடக்கத்தில் காட்டவும் செய்யாது.

ஆகவேதான் ரத்தத்தை நாடுகிறார்கள். உடலுக்குள் நடக்கும் ஒன்றை வெளியே அளந்து சொல்லக்கூடிய பொருளுக்கு உயிர்க்குறியீடு என்று பெயர்; பயோமார்க்கர் என்றும் எழுதுகிறார்கள். கல்லீரல் கொழுப்பு நோயில் உயிர்க்குறியீட்டிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கொழுப்பு இருக்கிறதா? செல்கள் புண்படுகின்றனவா? தழும்பு விழுந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஒரே சொட்டு ரத்தத்தில் ஒரே பதில் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்படி ஒன்று இன்னும் இல்லை.

எஸ்ஜிபிடி: பழைய நொதி, புதிய எல்லை

எஸ்ஜிபிடி, ஏஎல்டி இரண்டும் ஒன்றுதான். கல்லீரல் செல்லுக்குள் அமினோ அமிலங்களைக் கையாளும் ஒரு நொதி. ரத்தத்தில் இதை அளந்து கல்லீரல் பாதிப்பை அறியலாம் என்பது 1950களின் நடுவில் தெரியவந்தது. செல் நலமாக இருந்தால் நொதி உள்ளேயே இருக்கும். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே தென்படும். செல் புண்பட்டால் வெளியே கசியும். நெல் கிடங்கின் வாசலில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பார்த்தால் உள்ளே ஏதோ மூட்டை கிழிந்திருக்கிறது என்று சொல்லலாம். உள்ளே மொத்தம் எத்தனை மூட்டை இருக்கிறது என்று சொல்ல முடியாது. எஸ்ஜிபிடியும் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளப்பதில்லை. நிறையக் கொழுப்பு இருந்தும் இந்த அளவு சாதாரணமாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. அளவு குறைவு என்பதால் தழும்பு இல்லை என்றும் ஆகிவிடாது.

அப்படியிருந்தும் குழந்தைகளுக்கான முதல் பரிசோதனையாக இதைத்தான் வைத்திருக்கிறார்கள். விலை மலிவு, எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும், காலையில் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிக்கலெல்லாம் எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான்.

இயல்பான அளவு என்பது வானத்திலிருந்து வந்ததல்ல. ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டத்தின் ரத்தத்தை அளந்து, பெரும்பாலானவர்கள் எந்த அளவுக்குள் வருகிறார்களோ அதை இயல்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்திலேயே தமக்குக் கல்லீரலில் கொழுப்பு இருப்பது தெரியாதவர்கள் பலர் இருந்தால்? கோடு மேலே போய்விடும். நோயாளிகளையும் சேர்த்து அளந்து வரைந்த கோட்டை வைத்து நோயாளியைக் கண்டுபிடிக்கப் பார்ப்போம்.

2010இல் வெளியான 'சேஃப்டி' ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. அதையும் ஷ்விம்மர் குழுதான் செய்தது. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகள் எஸ்ஜிபிடிக்கு வைத்திருந்த மேல் எல்லைகளை முதலில் திரட்டினார்கள். ஓரிடத்தில் 30, இன்னோரிடத்தில் 90. நடு மதிப்பு 53. ஒரே பிள்ளை ஒரு மருத்துவமனையில் நோயாளி, அடுத்த மருத்துவமனையில் ஆரோக்கியசாலி! பிறகு அமெரிக்கத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் தரவுகளிலிருந்து, எடை அளவாக இருந்த, கல்லீரல் நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லாத பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணக்கிட்டார்கள். அவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் அளவு ஆண் பிள்ளைகளுக்கு 25.8, பெண் பிள்ளைகளுக்கு 22.1 யூனிட். 26, 22 என்ற எண்கள் வந்த வழி இதுதான். வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவற்றையே எடுத்துக்கொண்டது.

அந்த வழிகாட்டுதலின் சாரம் இது: பருமனான எல்லாப் பிள்ளைகளுக்கும் 9 முதல் 11 வயதுக்குள் ஒருமுறை எஸ்ஜிபிடி பார்க்க வேண்டும். எடை மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்து, அதோடு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு, இன்சுலின் எதிர்ப்பு, நீரிழிவு, குடும்பத்தில் இந்த நோய் என்று ஏதாவது இருந்தால் அவர்களுக்கும் பார்க்கலாம். அளவு இயல்பாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும். எல்லையின் இரு மடங்குக்கு மேல் மூன்று மாதத்துக்கு மேலாக நீடித்தால் முழுமையாக ஆராய வேண்டும். 80ஐத் தாண்டினால் காத்திருக்காமல் விரைவாக. பருமன் எது என்பதை இந்தியாவில் பெரியவர்களின் பிஎம்ஐ எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. 5 முதல் 18 வயதினருக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள் இருக்கின்றன. வயது, பால் இரண்டையும் பார்த்து அவற்றில் குறிப்பார்கள்.

எவ்வளவு நம்பலாம்?

கல்லீரல் நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் நிபுணரிடம் அனுப்பப்பட்ட, எடை கூடிய அல்லது பருமனான 347 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு 2013இல் வந்தது. எல்லையின் இரு மடங்கு, அதாவது பெண்களுக்கு 44, ஆண்களுக்கு சுமார் 50 என்று கோடு போட்டால், கொழுப்பு நோய் உள்ள 100 பேரில் 88 பேர் பிடிபடுகிறார்கள். நல்ல எண்தான். ஆனால் அந்த நோய் இல்லாத 100 பேரில் 74 பேரும் அதே கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். சரி, கோட்டை 80க்கு உயர்த்தினால்? வீண் சந்தேகம் 74லிருந்து 29ஆகக் குறைகிறது. ஆனால் நோய் உள்ளவர்களில் 57 பேர்தான் பிடிபடுகிறார்கள்; மற்ற 43 பேர் கைநழுவிப் போகிறார்கள். கோட்டை எங்கே நகர்த்தினாலும் ஒரு பக்கம் இழப்புதான். தாழ்வான கோடு தேடுவதற்கு, உயர்வான கோடு துரிதப்படுத்துவதற்கு என்று இரண்டையும் வைத்துக்கொள்வதன் காரணம் இதுவே.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. அனுப்பப்பட்ட பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கு இருந்தது கொழுப்பு நோயே அல்ல, வேறு கல்லீரல் நோய். பிள்ளை குண்டாக இருக்கிறது, எஸ்ஜிபிடி கூடியிருக்கிறது, ஆகவே ஃபேட்டி லிவர் என்று அவசரமாக முடிவுகட்டினால் இவர்கள் தவறிவிடுவார்கள். உடலின் தற்காப்பு அமைப்பே கல்லீரலைத் தாக்கும் அழற்சி இருக்கலாம். செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய் இருக்கலாம். வில்சன் நோயிலும் கல்லீரலில் கொழுப்பு படியும் என்பதால் ஸ்கேன் படமும் ஏமாற்றிவிடும். அதற்கு மருந்து உண்டு. காலத்தில் கொடுக்காவிட்டால் கல்லீரலும் மூளையும் பாழாகும். ஆகவே அளவு விடாமல் உயர்ந்திருந்தால் மஞ்சள் காமாலை வைரஸ்கள் பி, சி, வில்சன் நோயைத் தேடும் செருலோபிளாஸ்மின், கல்லீரலைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள், தைராய்டு என்று மருத்துவர் ஒரு பட்டியல் எழுதுவார். பணம் பறிக்க எழுதியதாக நினைக்க வேண்டாம். பருமனான பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு வரும் நோய்கள் எல்லாம் வரலாம்.

எஸ்ஜிபிடியின் கூடப்பிறந்த எஸ்ஜிஓடி, அதாவது ஏஎஸ்டி, தசையிலும் நிறைய இருக்கிறது. முந்தின நாள் மைதானத்தில் கடுமையாக விளையாடிய பிள்ளைக்கு அது கூடித் தெரியலாம். எஸ்ஜிபிடியும் சற்று ஏறலாம். காய்ச்சல், சில மருந்துகள், பெயர் தெரியாத லேகியங்கள் எல்லாமே எண்ணை மாற்றும். மறுபரிசோதனைக்குப் போகும்போது கடைசி இரண்டு வாரத்தில் பிள்ளை சாப்பிட்ட மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கூடவே பார்க்கும் மற்ற எண்கள்

இந்த நோய் கல்லீரலில் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். டிரைகிளிசரைடு ஏறி ஹெச்டிஎல் இறங்கியிருப்பது இன்சுலின் எதிர்ப்பின் நன்கு தெரிந்த அடையாளம். வெறும் வயிற்று இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வருவது ஹோமா என்ற அளவு. எண் கூடக்கூட எதிர்ப்பும் கூடுதல். ஆனால் பருவமடையும் வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலின் எதிர்ப்பு இயல்பாகச் சற்று ஏறும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஹோமாவை அதை மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது. யூரிக் அமிலமும் பல பிள்ளைகளுக்குக் கூடியிருக்கும். ஃபிரக்டோஸைக் கல்லீரல் உடைக்கும்போது அது உண்டாகிறது.

இவை எதுவும் கொழுப்பு நோயை உறுதி செய்யாது. எஸ்ஜிபிடி சொன்ன சந்தேகத்துக்கு வலு சேர்க்கும். அதைவிட முக்கியமாக, இந்தப் பிள்ளைக்கு நீரிழிவும் இதய நோயும் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும்.

தழும்பைத் தேடும் கணக்குகள்

பெரியவர்களுக்குத் தழும்பைக் கணிக்க ஃபிப்-4 என்ற கணக்கு இப்போது பரவலாகிவிட்டது. இணையத்தில் எண்களைப் போட்டால் உடனே விடை வரும். அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெற்றோர் ஆறுதலடைவதுதான் எனக்குக் கவலை. கணக்கு இது: வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும், அதை, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஏஎஸ்டி 60, ஏஎல்டி 81, தட்டணு இரண்டரை லட்சம் (கணக்கில் 250) என்று வைத்துக்கொள்வோம். அறுபது வயதுக்காரருக்கு விடை 1.6. பெரியவர்களில் 1.3க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு என்பதால், அவரை மேலும் சோதிக்கச் சொல்வார்கள். அச்சு அசலாக அதே ரத்தம், வயது மட்டும் 12 என்றால் விடை 0.32. கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது. வயது என்ற ஒரே எண் ஆபத்தை மறைத்துவிட்டது. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

ஏஎஸ்டியையும் தட்டணுவையும் மட்டும் வைத்துப் போடும் ஆப்ரி என்ற கணக்கில் வயது இல்லை. ஆனால் அது குழந்தைகளிடம் தனித்து முடிவெடுக்கும் அளவுக்கு உறுதியானதல்ல. தழும்பு உருவாகும்போது வெளிவரும் ஹையலுரோனிக் அமிலம் போன்ற மூன்று பொருள்களைச் சேர்த்து அளக்கும் இஎல்எஃப் பரிசோதனையும் குழந்தைகளிடம் ஆராயப்பட்டிருக்கிறது. நடைமுறையில், ரத்தத்தோடு கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து, அப்போதும் ஐயம் தீராவிட்டால்தான் பயாப்ஸி என்று போகிறார்கள்.

ஆய்வுக்கூடங்களில் இன்னும் பல காத்திருக்கின்றன. கல்லீரல் செல் இறக்கும்போது உடைந்து ரத்தத்தில் கலக்கும் கெரட்டின்-18 என்ற புரதத்தின் துண்டுகள் அவற்றுள் ஒன்று. வெறும் கொழுப்பையும் அழற்சியையும் பிரித்துக் காட்டுமா என்று பார்க்கிறார்கள். நம்பிக்கை தருகிறது, எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லைக் கோடு இன்னும் அமையவில்லை. 2008இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகர ஆய்வில் வெளிப்பட்ட பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் இன்னொன்று. அது இருக்கும் பிள்ளைக்கு அதே எடையிலும் கல்லீரலில் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவதற்கு இது போன்றவை ஒரு காரணம். ஆகவே அந்தப் பிள்ளையைப் பார்த்து 'நீ மட்டும் ஏன் இப்படி' என்று கேட்பது அநியாயம்.

எண் இறங்குமா?

இறங்கும். 11 முதல் 16 வயதுக்குட்பட்ட, கொழுப்பு நோய் உறுதியான 40 ஆண் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்து 2019இல் வெளியான பரிசோதனையில், ஒரு பாதியினருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் பழச்சாற்றுச் சர்க்கரையையும் அன்றாட ஆற்றலில் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். எட்டே வாரம். எம்ஆர்ஐயில் கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. எஸ்ஜிபிடி 103லிருந்து 61க்கு. வழக்கம்போல் சாப்பிட்ட மறு பாதியினரிடம் கொழுப்பு 21லிருந்து 20க்கு மட்டுமே வந்தது. இதில் நான் அடிக்கோடிட விரும்புவது, உணவைப் பிள்ளைக்கு மட்டும் மாற்றவில்லை, வீட்டில் உள்ள அனைவருக்கும் சேர்த்தே திட்டமிட்டுக் கொடுத்தார்கள் என்பதை. தட்டில் ஒருவனுக்கு மட்டும் தண்டனை வைத்தால் எந்தப் பிள்ளையும் எட்டு வாரம் தாங்க மாட்டான்.

மாத்திரை கேட்பவர்களுக்கு: வைட்டமின் ஈ, மெட்ஃபார்மின் இரண்டையும் 173 பிள்ளைகளிடம் சோதித்த டானிக் என்ற ஆய்வு 2011இல் வெளிவந்தது. எஸ்ஜிபிடியை நீடித்து இறக்குவதில் இரண்டுமே வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

அந்தப் பதினோரு வயதுப் பையனுக்கு என்ன செய்வார்கள்? 54 என்ற ஒற்றை எண்ணை வைத்து நோய் என்று சொல்ல மாட்டார்கள். காய்ச்சல், மருந்து, கடும் விளையாட்டு எதுவும் இல்லாத நாளில் மீண்டும் எடுத்துப் பார்ப்பார்கள். பானங்களையும் பேக்கரிப் பண்டங்களையும் குறைக்கச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் 52க்கு மேலேயே நின்றால் மற்ற நோய்களைத் தேடும் பரிசோதனைகளும் ஸ்கேனும். ஒவ்வொரு அறிக்கையையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். எண் 54, 47, 31 என்று இறங்குகிறதா, 54, 58, 83 என்று ஏறுகிறதா என்பதைப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த முடிவை எடுப்பார்.